மினி டிராக்டருக்கு நாமே செய்யும் கூடுதல் எல்இடி விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் நெகட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருப்பது) உள்ள சிறிய டிராக்டர்களுக்கானது. பாசிட்டிவ் எர்த் உள்ள மிகப் பழைய வண்டி, 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஹெட்லைட்தான் இருக்கிறதே, கூடுதல் விளக்கு எதற்கு?

டிராக்டரின் ஹெட்லைட் முன்னால் போகிற பாதையைக் காட்டுவதற்காக வைத்தது. டிராக்டர் வேலையில் பெரும்பகுதி நடப்பது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். ரோட்டவேட்டர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, கலப்பையில் குப்பை சிக்கியிருக்கிறதா, போன சாலின் ஓரம் எங்கே, இதெல்லாம் ஹெட்லைட்டில் தெரியவே தெரியாது. முன்னால் லோடர் மாட்டியிருந்தால் இன்னும் மோசம்: பக்கெட் ஹெட்லைட்டை மறைத்து, வெளிச்சத்தைத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

அதனால் ஒரே ஒரு விளக்குதான் போடப் போகிறேன் என்றால் அது பின்பக்கம் இருக்கட்டும். பலரும் முன்னால் நீளமான லைட் பார் மாட்டுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும், வேலைக்கு உதவுவது குறைவு.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும்போது நானே செய்வதில் என்ன லாபம்?

காசு மிச்சம் என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான். எல்இடி, லென்ஸ், கரன்ட் டிரைவர் (எல்இடிக்குப் போகும் ஓட்டத்தை ஒரே அளவில் வைக்கும் சின்ன போர்டு), அலுமினியம் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வரும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மட்கார்டின் வளைவுக்கு அடியிலோ ஹைட்ராலிக் லீவர் பக்கத்திலோ உங்களுக்கு வேண்டிய அளவில் விளக்கு செய்து கொள்ளலாம். கெட்டால் எது கெட்டது என்று திறந்து பார்த்து மாற்றலாம். கடை விளக்கில் ஒன்று போனால் பெரும்பாலும் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதில் ஆசை இல்லாதவர்கள் சீல் செய்த நல்ல விளக்கை வாங்கிவிட்டு, எல்இடி, வெப்பம் பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போகலாம். ஒயரிங்கும் பொருத்துவதும் எப்படியும் உங்கள் கையில்தான். விளக்கு நீடிப்பதும் எரிந்து போவதும் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

என் வண்டியின் சார்ஜிங் இந்தச் சுமையைத் தாங்குமா?

இதைப் பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள். சின்ன டிராக்டர்கள் சிலவற்றில் இருப்பது 15 முதல் 20 ஆம்ப் வரை தரும் நிலைக்காந்த டைனமோ. கொஞ்சம் பெரியவற்றில் 35, 40 ஆம்ப் ஆல்டர்னேட்டர் இருக்கும். அந்த எண்ணும் எஞ்சின் வேகமாக ஓடும்போதுதான். ஐடிலிங்கில் மிகவும் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 ஆம்ப் டைனமோ. 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் இரண்டு எரிந்தால் 110 வாட், அதாவது சுமார் 8 முதல் 9 ஆம்ப். டெயில் லைட், மீட்டர் விளக்கு, டீசலைத் திறந்து பிடித்திருக்கும் சொலினாய்டு எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றிரண்டு ஆம்ப். மிச்சம் நாலைந்து ஆம்ப்தான். ஸ்டார்ட் செய்தபோது இழந்ததை பேட்டரி திரும்பப் பெறுவதும் அதிலிருந்துதான். ஆக 40 வாட் எல்இடி வரை நிம்மதியாகப் போடலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு வேலை விளக்கை எரியுங்கள். வயலுக்குள் இரண்டும் சேர்ந்து எரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் வண்டியில் நேரடியாகச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். எஞ்சினை வேலை வேகத்தில் ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் சரி. 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாலையில் தெரியாது, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது தெரியும்.

எத்தனை வாட் போட்டால் போதும்?

நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். ஹெட்லைட்டில் வரும் ஒரு எச்4 ஹாலஜன் பல்பு லோ பீமில் தருவது சுமார் 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), ஹை பீமில் சுமார் 1,650. நல்ல எல்இடி 10 முதல் 15 வாட்டிலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். பின்னால் ரோட்டவேட்டரைப் பார்க்க 10 வாட் விளக்கு இரண்டு தாராளம். முன்னால் 20 வாட் இரண்டு.

பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட், லூமன் எண்களை நம்ப வேண்டாம். ஆம்ப் மீட்டரை வரிசையில் வைத்து அளந்து வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள். 72 வாட் என்று விற்பது பாதிகூட இழுக்காமல் இருப்பது சகஜம். ஒருவகையில் அது நல்லதுதான். நிஜமாகவே 72 வாட் இழுத்திருந்தால் அந்தச் சின்னக் கூடு வெந்து போயிருக்கும்.

எல்இடியை நேராக பேட்டரியில் கொடுக்கலாமா? ரெசிஸ்டர் போட்டால் போதாதா?

நேராகக் கொடுக்கவே கூடாது. ரெசிஸ்டர் போதுமா என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் தேவை. மூன்றை வரிசையில் கோத்தால் 9.3 வோல்ட் என்று வையுங்கள். 0.7 ஆம்ப் ஓட வேண்டும், வண்டி 13.8 வோல்ட்டில் இருக்கிறது. மிச்சமுள்ள 4.5 வோல்ட்டை விழுங்க 6.4 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். காகிதத்தில் சரியாக வருகிறது. வண்டியில் என்ன நடக்கும்? ஐடிலிங்கில் 12 வோல்ட்டுக்கு இறங்கினால் ஓட்டம் 0.42 ஆம்ப் ஆகிவிடும், விளக்கு மங்கும். 14.4-க்கு ஏறினால் 0.8 ஆம்ப். சூடேறச் சூடேற எல்இடிக்குத் தேவைப்படும் வோல்ட் குறைவதால் ஓட்டம் இன்னும் கூடும், சூடும் கூடும். போதாக்குறைக்கு ரெசிஸ்டர் மட்டுமே 3 வாட்டுக்கு மேல் சும்மா சூடாக்கி வீணடிக்கும்.

அதனால் ஓட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கரன்ட் டிரைவர் போடுங்கள். வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் வகை டிரைவர் ஏற்றது. அதற்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையில் ஒன்றரை, இரண்டு வோல்ட் இடைவெளி தேவை. எனவே மூன்று எல்இடி வரிசைதான் எல்லை. நான்கு கோத்தால் 12 வோல்ட்டைத் தாண்டிவிடும், ஐடிலிங்கில் தடுமாறும். கடையில் 9 முதல் 11 வோல்ட் என்று விற்கும் 10 வாட் சதுரச் சில்லுகளின் உள்ளேயும் இதே மூன்று வரிசை அமைப்புதான், ஓட்டம் சுமார் 0.9 ஆம்ப்.

டிரைவர் வாங்கும்போது உள்ளீட்டு வோல்ட் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனை லூசாகிக் கழன்றால் ஒரு கணம் 80 வோல்ட்டுக்கும் மேல் தாவக்கூடும். எல்எம் 2596 சில்லில் செய்த மலிவு போர்டுகளின் எல்லை 40 வோல்ட். எனவே விளக்குச் சுற்றின் வாசலில், பியூஸுக்குப் பின்னால், 24 வோல்ட் வரை சும்மா இருந்து அதற்கு மேல் வருவதை விழுங்கிக்கொள்ளும் பெரிய டிவிஎஸ் டையோடு ஒன்று போடுவது நல்ல காப்பு. பேட்டரி முனையை இறுக்கமாக வைத்திருப்பது அதைவிட நல்ல காப்பு.

ஒட்டும் எல்இடி ஸ்ட்ரிப் போடலாமா?

கால் மிதிக்கும் இடம், டூல் பாக்ஸ், லீவர் பக்கம் என்றால் போடலாம். வேலை விளக்காக உதவாது. அதன் பசை வெயிலிலும் டீசல் கசிவிலும் விட்டுவிடும். 12 வோல்ட்டுக்கென்று கணக்கிட்ட ரெசிஸ்டர் அதில் இருப்பதால் 14.4-இல் அதிக ஓட்டம் எடுத்துச் சீக்கிரம் கருகும்.

எல்இடி சூடாகாது என்கிறார்களே, ஹீட் சிங்க் எதற்கு?

ஹாலஜன் தன் சூட்டை வெளிச்சத்தோடு சேர்த்து முன்னால் வீசிவிடும். எல்இடி அப்படிச் செய்வதில்லை, முதுகில் வைத்துக்கொள்ளும். கொடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சூடாகத்தான் போகிறது. அதை அலுமினியம் வழியாகக் காற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் வெளிச்சம் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். மங்கியதே தெரியாமல் இன்னொரு விளக்கு மாட்டத் தோன்றும்.

ஒரு வாட் சூட்டுக்குச் சுமார் 30 சதுர செ.மீ. திறந்த அலுமினியப் பரப்பு இருந்தால், காற்றசைவு இல்லாதபோதும் சுற்றுப்புறத்தைவிட 30 முதல் 35 டிகிரிதான் ஏறும். 10 வாட் சில்லு இரண்டு என்றால் 14 வாட் சூடு, 420 சதுர செ.மீ. வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குல அலுமினியக் குழாயில் ஓர் அடி நீளம் வெட்டினால் வெளிப்பரப்பு சற்றே கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் குழாயே கூடும் ஆகிவிடுகிறது, ஹீட் சிங்கும் ஆகிவிடுகிறது. வீட்டில் செய்ய இதைவிட எளிய வடிவம் இல்லை. சில்லு உட்காரும் இடத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, திருகால் இறுக்குங்கள். பேஸ்ட்டை அப்பி வைத்தால் பலன் குறையும்.

செய்து முடித்ததும் வண்டியை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தால் நல்லது. சுடுகிறது என்று வெடுக்கென எடுத்தால் கூடு 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஓட்டத்தைக் குறையுங்கள் அல்லது அலுமினியத்தைக் கூட்டுங்கள்.

பழைய ஹாலஜன் வேலை விளக்கின் கூட்டுக்குள்ளேயே எல்இடியை வைத்தால்?

ரப்பர் உடம்பு உள்ள விளக்கு என்றால் வேண்டாம், ரப்பர் சூட்டை வெளியே விடாது. தகரக் கூடு என்றால் பின்னால் துளைத்து அலுமினியத் தகட்டை வெளியே நீட்டி வைக்கலாம். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைக்கென்று வளைத்தது. எல்இடி வேறு இடத்தில் உட்காருவதால் வெளிச்சம் சிதறும். வேலை விளக்கில் சிதறல் பரவாயில்லை. ஹெட்லைட்டில் அதையே செய்தால் எதிரில் வருபவர் கண் கூசும்.

தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் எப்படி அடைப்பது?

முழுசாக அடைக்க நினைப்பதுதான் பலருக்கும் தோன்றுவது. ஆனால் சூடான விளக்கின் மேல் மழை விழுந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கிடைக்கிற இடுக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சும். ஒயர் நுழையும் துளைதான் வழக்கமாக அந்த இடுக்கு. எனவே முன் கண்ணாடி, பக்க மூடி, ஒயர் துளை மூன்றையும் அடைத்துவிட்டு, அடிப்பக்கம் ஒரே ஒரு சின்ன மூச்சுத் துளை விடுங்கள். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு ஒட்டிய மூச்சுத் திருகு கிடைத்தால் அதைப் போடுங்கள்.

அடைக்கும் சிலிகானில் ஒரு விஷயம் கவனியுங்கள். பிதுக்கும்போது புளிக்காடி வாசம் அடிக்கும் வகை காயும்போது அமிலத்தை விடும். செம்பையும் சில்லையும் அது அரித்துவிடும். வாசம் இல்லாத நியூட்ரல் வகையை வாங்கி, மூடுவதற்கு முன் நன்றாகக் காயவிடுங்கள்.

முன் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் போட்டால் கல் பட்டு உடையாது, ஆனால் வெயிலில் மஞ்சளாகும். அக்ரிலிக் மஞ்சளாகாது, உடையும். கிளை உரசும் இடத்தில் முதலாவது, மற்ற இடங்களில் இரண்டாவது.

கடை விளக்கில் ஐபி 67 என்று இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் பிடித்து அடிப்பது வேறு சோதனை, அதற்கு ஐபி 69கே வேண்டும்.

எந்த இடத்தில் பொருத்துவது?

வாட்டைவிட, லென்ஸைவிட, இதுதான் முக்கியம். பகலில் வாங்கிக் குவிப்பதற்கு முன், இருட்டில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒருவர் பிடிக்க, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே பிடித்தால் வேலை தெரிகிறது, எங்கே பிடித்தால் கண் கூசுகிறது என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

முன்பக்கத்துக்கு உயரம் நல்லது. ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) மேல் வைத்தால் பானெட்டின் நிழல் வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து முடிந்துவிடும், லோடர் பக்கெட்டும் மறைக்காது. ஆனால் சின்ன டிராக்டர்களில் ரோல் பார் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், அங்கிருந்து முன்னால் அடிக்கும் வெளிச்சம் உங்கள் தோளிலும் ஸ்டீயரிங்கிலும் பளபளக்கும் பானெட்டிலும் பட்டுத் திரும்பும். விளக்கின் அடிப்பக்கம் ஒரு கறுப்புத் தகட்டை மூன்று நான்கு அங்குலம் நீட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். தூசி பறக்கும் வேலை என்றால் விளக்கைக் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கண்ணுக்கும் விளக்குக்கும் இடையில் எவ்வளவு தூரம் விலகி இருக்கிறதோ அவ்வளவு தூசித் திரை குறையும். வெளிச்சத்தின் நடுப்பகுதி எட்டுப் பத்து மீட்டரில் தரையைத் தொடும்படி சாய்த்துவிடுங்கள்.

பின்பக்கத்துக்கு இரண்டு மட்கார்டின் உள் ஓரங்கள் சரியான இடம். இடப்பக்க விளக்கைக் கருவியின் வலப்பக்கம் நோக்கியும், வலப்பக்க விளக்கை இடப்பக்கம் நோக்கியும் குறுக்காகத் திருப்புங்கள். கருவியை மேலே பிடித்திருக்கும் டாப் லிங்க்கும், அதைத் தூக்கும் கைகளும் விழவைக்கும் நிழலை ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நேராக வைத்தால் நிழல் கோடுகள் சரியாகச் சாலின் மேலேயே விழும்.

லென்ஸ் கோணம் பற்றிச் சுருக்கமாக: பின்னாலும் பக்கத்திலும் 60 டிகிரி அல்லது அதற்கு மேல் விரிவது. தூரம் பார்க்கும் 10, 15 டிகிரிக் குவி விளக்கு டிராக்டர் வேகத்துக்குத் தேவைப்படுவதில்லை.

ரோல் பாரில் துளை போடலாமா, வெல்டு செய்யலாமா?

இரண்டும் கூடாது. வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காக்கிற உறுப்பு அது. துளையும் வெல்டு சூடும் அதன் பலத்தைக் குறைக்கும், தயாரிப்பாளர்களும் தடுக்கிறார்கள். யு போல்ட் அல்லது இரண்டு துண்டுக் கிளாம்ப்பை ரப்பர் வைத்து இறுக்குங்கள். மடங்கும் ரோல் பார் என்றால் மடிப்பு உள்ள இடத்தில் ஒயரைத் தளர்வாக விட்டு, மடித்துப் பார்த்து, நசுங்கவில்லை என்று தெரிந்த பிறகே கட்டுங்கள். அதிர்வில் நட்டு கழலாமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள்.

எந்த ஒயர், எத்தனை ஆம்ப் பியூஸ்?

மெல்லிய இழைகள் பல சேர்ந்த வாகன ஒயர் வேண்டும். வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். தடிமனைப் பார்ப்போம். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயரில் மீட்டருக்குச் சுமார் 0.0115 ஓம். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர், 5 ஆம்ப் ஓடினால் 0.57 வோல்ட் வழியிலேயே போகும். 2.5 ஸ்கொயரில் அது 0.34. கரன்ட் டிரைவர் போட்ட எல்இடிக்கு அரை வோல்ட் இழப்பு ஒன்றும் தெரியாது, எனவே 1.5 போதும். பின்னால் வேறு ஏதாவது சேர்ப்பேன் என்று தோன்றினால் 2.5 இழுத்து வையுங்கள்.

பியூஸ் விளக்கைக் காக்க அல்ல, ஒயர் தீப்பிடிக்காமல் இருக்க. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மொத்தச் சுமை 72 வாட் என்றால் 6 ஆம்ப். அதற்கு 10 ஆம்ப் பியூஸ், சிவப்பு நிறம். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்ப் போடுபவர்கள் உண்டு. அங்கே தேட வேண்டியது பெரிய பியூஸ் அல்ல, உரசும் இடம்.

ஒயரைச் சுருள் பைப்புக்குள் விட்டு, சைலன்சரிலிருந்தும், பி.டி.ஓ. ஷாஃப்ட்டிலிருந்தும் (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுப்பது), தூக்கும் கைகளிலிருந்தும் விலகியே கொண்டுபோங்கள். கருவியை முழுசாகத் தூக்கி இறக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்த பிறகு டேக் போட்டுக் கட்டுங்கள்.

ரிலே அவசியமா?

சின்ன ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. ஹாலஜன் காலத்தில் அவசியம். எல்இடி நாலைந்து ஆம்ப் என்றால் நல்ல சுவிட்ச்சே தாங்கும். ஆனாலும் நான் ரிலே போடச் சொல்வேன். காரணம் சாவி. ரிலே சுருளைச் சாவி வழியாக வரும் ஒயரில் கொடுத்துவிட்டால், சாவியை அணைத்ததும் விளக்கும் அணைந்துவிடும், மறந்து போய் பேட்டரி தீராது. இணைப்பு இதுதான் (எண்கள் ரிலேயின் கால்களுக்கு உரியவை): 30-இல் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஒயர், 87-இல் விளக்கு, 86-இல் சாவியிலிருந்து சுவிட்ச் வழியாக வருவது, 85-இல் எர்த். சுருளின் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றைக் கோடு உள்ள முனை 86 பக்கம் இருக்கும்படி போட்டால், அணைக்கும்போது சுருள் உதறும் மின்தாவல் மற்ற மின்னணுப் பொருள்களைத் தொடாது.

எர்த்தை எங்கே கொடுப்பது?

பக்கத்திலிருக்கும் மட்கார்டில் கொடுக்கலாம் என்றுதான் தோன்றும். மட்கார்டும் ரோல் பாரும் பெயின்ட் மேல் பெயின்டாகவும் ரப்பர் புஷ் மேலும் உட்கார்ந்திருக்கும். இன்று எரியும், மழைக்காலத்தில் மினுக்கும். பாசிட்டிவ் ஒயரோடு சேர்த்து நெகட்டிவ் ஒயரையும் இழுத்து, பேட்டரியின் எர்த் பட்டை சேஸிஸில் சேரும் போல்ட்டில் கொடுத்துவிட்டால் பாதி வியாதிகள் வராது. வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா?

கிரிம்ப், அதாவது ஒயர் முனையில் உலோக முனையை (லக்) நசுக்கி இறுக்குவது. ஈயம் ஒயருக்குள் ஏறி நின்ற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் சரியாக அங்கேயே முறியும். நல்ல கிரிம்ப் கருவியால் லக்கை அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஓடும் ஒயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் டிராக்டருக்கு வேண்டாம்.

விளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வருகிறதே?

பக் டிரைவர் நொடிக்கு லட்சக்கணக்கான முறை அணைந்து எரிகிறது, ஒயர் அதற்கு ஆன்டெனா ஆகிவிடுகிறது. பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி இழுங்கள், டிரைவருக்குப் பக்கத்தில் ஃபெரைட் வளையம் ஒன்றைக் கோத்துவிடுங்கள். டிரைவரை அலுமினியக் கூட்டுக்குள்ளேயே வைத்தால் இன்னும் குறையும்.

பி.டி.ஓ. ஓடும்போது அது நிற்பது போலத் தெரிகிறது. கண் கோளாறா?

கண்ணில் ஒன்றும் இல்லை, விளக்கு மினுக்குகிறது. அலட்சியப்படுத்தக் கூடாத ஆபத்து இது. 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. விளக்கின் மினுக்கம் அந்தச் சுற்றோடு ஒத்துப்போனால், ஓடுகிற ஷாஃப்ட் நின்றது போலவோ மெல்லச் சுழல்வது போலவோ தெரியும். பின்பக்கம் வெளிச்சமாக இருப்பதால் இறங்கிப் போய்க் கை வைக்கவும் தோன்றும்.

வேகமாக அணைத்து எரித்து வெளிச்சத்தைக் குறைக்கும் மலிவு டிம்மர்களும், ரெசிஸ்டர் மட்டும் போட்ட விளக்கை நிலைக்காந்த டைனமோ வண்டியில் மாட்டுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். மொபைல் கேமராவில் விளக்கைப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் மினுக்கம் உண்டு. பின்பக்க விளக்குக்கு டிம்மரே வேண்டாம், நல்ல கரன்ட் டிரைவர் போடுங்கள். எந்த விளக்காக இருந்தாலும் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அருகில் போக வேண்டும். ஷாஃப்ட் மூடியும் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளையா, மஞ்சளா?

நீலம் கலந்த 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை கடையில் பளிச்சென்று இருக்கும். தூசியிலும் பனிமூட்டத்திலும் அதுவே வெள்ளைத் திரையாகிவிடும், பூச்சிகளையும் கூட்டும். 4,000 முதல் 5,000 வரை கண்ணுக்கு இதம், மண்ணின் ஈரமும் பயிரின் நிறமும் சரியாகத் தெரியும். பூச்சித் தொல்லை மிகுந்த இடத்தில் 3,000 கெல்வின் மஞ்சள் போடலாம்.

எஞ்சினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் எரியவிடலாம்?

60 ஆம்ப் அவர் பேட்டரி, 36 வாட் விளக்கு என்றால் 3 ஆம்ப். காகிதக் கணக்கில் பத்து மணி நேரத்தில் பாதி பேட்டரி தீரும். பேட்டரிக்கு வயதாகியிருந்தால் அந்தக் கணக்கு நிற்காது. இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம்.

சாலையில் போகும்போது எரியலாமா?

வேண்டாம். பின்னால் வெள்ளை வெளிச்சம் அடித்தால் பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி எதிரே வருவது போலத் தெரியும். ரிவர்ஸ் விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் தவிர வேறு வெள்ளை விளக்கு பின்னால் கூடாது என்பது 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே உள்ள விதி. வேலை விளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் வைத்து, அதில் சிவப்பு அடையாள விளக்கு ஒன்றும் வையுங்கள். சாலையில் ஏறும்போது அணைக்க அது நினைவூட்டும்.

வண்டியில் வெல்டிங் வைத்தால் எல்இடி போய்விடுமா?

போகலாம். விளக்குச் சுற்றின் பியூஸைப் பிடுங்கி, பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிட்டு வெல்டு வையுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

மாட்டிய பிறகு ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது. எங்கே தேடுவது?

முதலில் எர்த். விளக்கின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில், விளக்கு எரியும்போது வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.3-க்கு மேல் காட்டினால் கோளாறு அந்தப் பாதையில். அது சரியாக இருந்தால் கனெக்டரைப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது எரிந்து, பத்து நிமிடத்தில் அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால், டிரைவர் சூட்டில் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அதைக் கூட்டின் அலுமினியத்தோடு ஒட்டி உட்காரவையுங்கள். சதுரச் சில்லில் ஒரு வரிசை மட்டும் இருட்டாக இருந்தால் அந்தச் சில்லு முடிந்தது. மிச்ச வரிசைகளுக்கு அதிக ஓட்டம் போகும் என்பதால் அவையும் சீக்கிரம் போகும், அப்போதே மாற்றிவிடுங்கள்.